வீட்டுக் கடன் பத்திரங்களில் கையெழுத்து வாங்கும் வேலை: புதிய நோட்டரி எங்கே தடுமாறுகிறார்?

கேள்வி: கலிபோர்னியாவில், எச்-1பி ஊழியரின் துணைவருக்கான எச்-4 விசாவில், வேலை அனுமதி அட்டையுடன் இருக்கிறேன். நோட்டரி கமிஷன், அதாவது மாநில அரசின் நியமனம், இப்போதுதான் கிடைத்தது. வீட்டுக் கடன் பத்திரங்களில் கையெழுத்து வாங்கித் தரும் சைனிங் ஏஜென்ட் வேலையைத் தொடங்க நினைக்கிறேன். பயிற்சி வகுப்பு விற்பவர்கள் எல்லோரும் மிக எளிது என்கிறார்கள். உண்மையில் புதியவர்களுக்குச் சிக்கல் எங்கே வருகிறது?

பதில்: அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. அடையாள அட்டையைப் பார்த்து, ஜர்னல் என்ற பதிவேட்டில் எழுதி, முத்திரை வைப்பது எவருக்கும் விரைவில் கைவந்துவிடும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கடன்தாரரின் மேசையில் நீங்கள் இரண்டு பேராக உட்கார்ந்திருப்பீர்கள். ஒருவர் மாநில அரசு நியமித்த அலுவலர்; அவருக்குச் சட்டம்தான் எசமான். இன்னொருவர் சொத்தின் உரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனியோ, பணத்தையும் பத்திரங்களையும் இடையில் நின்று கையாளும் எஸ்க்ரோ அலுவலகமோ கட்டணம் பேசி அனுப்பிய ஒப்பந்தக்காரர். அவருக்கு வந்திருக்கும் அறிவுறுத்தல் கடிதமே வழிகாட்டி. எது எந்த வேலை என்று பிரித்தறியாமல், ஒன்றின் அவசரத்துக்காக இன்னொன்றின் விதியை விட்டுக்கொடுக்கும்போதுதான் புதியவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள். போதாக்குறைக்கு, ஊரில் நோட்டரி என்றால் 1952-ஆம் ஆண்டு நோட்டரிகள் சட்டப்படி நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் என்று பார்த்துப் பழகிய நம்மவர்கள் உங்களை அரை வக்கீலாகவே நினைத்து ஆலோசனை கேட்பார்கள். இங்கே நீங்கள் வழக்கறிஞர் அல்லர் என்பதை அவர்களைவிட முதலில் நீங்கள் நம்ப வேண்டும்.

தகுதியைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எச்-4 வேலை அனுமதி அட்டையில் சுயதொழில் செய்யலாம். ஆனால் அட்டை காலாவதியானால் கமிஷன் உயிரோடு இருந்தாலும் சம்பாதிக்கும் வேலையை நிறுத்திவிட வேண்டும். இதைப் பார்த்து எச்-1பி-யில் இருக்கும் நண்பர்கள் சனி, ஞாயிறுகளில் செய்யலாமா என்று கேட்டால், கூடாது என்பதே பதில். அவர்களுடைய விசா மனுச் செய்த நிறுவனத்துக்கு மட்டுமே வேலை செய்ய அனுமதிக்கிறது. அடுத்தது, கமிஷன் தொடங்கும் நாளிலிருந்து 30 நாட்களுக்குள் கவுன்டி (மாவட்டம்) கிளார்க் அலுவலகத்தில் உறுதிமொழியையும் 15,000 டாலர் பிணைப் பத்திரத்தையும் தாக்கல் செய்துவிடுங்கள். தவறினால் கமிஷன் செல்லாது. அந்தப் பிணை உங்களைக் காப்பாற்றும் காப்பீடு என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். அது பாதிக்கப்பட்ட பொதுமக்களுக்கானது. பிணை நிறுவனம் கொடுத்த தொகையை உங்களிடமிருந்தே வசூலிக்கும். உங்களுக்கான பாதுகாப்பு தனியாக வாங்கும் தொழிற்பிழைக் காப்பீடுதான்.

இணையத்தில் பார்க்கும் பாடங்கள் எந்த மாநிலத்துக்கானவை என்பதையும் கவனியுங்கள். ஜார்ஜியா, தென் கரோலினா போன்ற மாநிலங்களில் கடன் முடிப்பு வழக்கறிஞரின் வேலை. மேரிலாந்திலும் இந்தியானாவிலும் இந்த வேலைக்கு டைட்டில் காப்பீட்டு உரிமம் வேண்டும். டெக்சாஸில் வீட்டின் மதிப்பை ஈடாக வைத்து வாங்கும் ஹோம் ஈக்விட்டி கடனை லெண்டர் (கடன் தரும் நிறுவனம்), வழக்கறிஞர் அல்லது டைட்டில் கம்பெனியின் அலுவலகத்தில் மட்டுமே முடிக்க முடியும் என்று மாநில அரசியலமைப்பே சொல்கிறது. அங்கே சமையலறை மேசைக்கு வேலையில்லை. கலிபோர்னியாவில் இத்தகைய தடைகள் இல்லை என்பதால்தான் போட்டியும் இங்கே அதிகம்.

இனி நோட்டரியின் பங்கு. லெண்டர் நாடு முழுவதற்கும் ஒரே மாதிரியாக அச்சிட்ட சான்றுரை, அதாவது நீங்கள் கையெழுத்திட்டு முத்திரை வைக்கும் வாசகம், உங்களுக்கு வரும். கலிபோர்னியாவில் பதிவாகும் ஆவணத்தின் சான்றுரை இம்மாநிலச் சட்டம் வகுத்த வாசகத்தில் இருக்க வேண்டும். 2015 முதல், நோட்டரி கையெழுத்திட்டவரின் அடையாளத்தை மட்டுமே உறுதிப்படுத்துகிறார், ஆவணத்தின் உண்மையை அல்ல என்ற கட்டமிட்ட அறிவிப்பும் அதன் தலையில் இருந்தாக வேண்டும். அது இல்லாவிட்டால், தனித்தாளில் சரியான சான்றுரையை இணையுங்கள். அச்சாகியிருக்கும் கவுன்டியின் பெயரையும் பாருங்கள். சொத்து எங்கே இருக்கிறது என்பது அங்கே வராது. நீங்கள் உட்கார்ந்து கையெழுத்து வாங்கும் இடத்தின் கவுன்டியே வர வேண்டும். முத்திரை எழுத்தின் மேல் விழுந்தாலோ மங்கினாலோ பத்திரங்களைப் பதியும் ரெகார்டர் அலுவலகம் ஆவணத்தைத் திருப்பி அனுப்பிவிடும். அப்படித் திரும்பும், வீட்டைக் கடனுக்கு ஈடாக்கும் டீட் ஆஃப் டிரஸ்ட் பத்திரத்துக்காக மீண்டும் ஒருமுறை சொந்தச் செலவில் ஓடுவது உங்கள் தலையில்தான் விழும்.

சத்தியப் பிரமாணத்தோடு வரும் ஆவணங்கள் தனி வகை. அவற்றில் உங்கள் கண்முன் கையெழுத்திட வேண்டும். அதோடு, உள்ளடக்கம் உண்மை என்று வாய்விட்டு உறுதி கூறவும் வேண்டும். கடன் ஆவணக் கட்டின் தாள்களைப் புரட்டும் அவசரத்தில் புதியவர்கள் இந்த உறுதிமொழியைக் கேட்காமலே முத்திரை வைத்துவிடுகிறார்கள். கேட்டதாகச் சான்றுரையில் எழுதிவிட்டுக் கேட்காமல் விடுவது பொய்ச் சான்று. அதற்கு அவசரம் ஒரு சாக்காகாது.

ஜர்னலும் நேரம் தின்னும். கணவன், மனைவி இருவர், நோட்டரி செய்ய வேண்டிய ஆவணம் நான்கு என்றால் எட்டுப் பதிவுகள். டீட் ஆஃப் டிரஸ்ட் போன்ற சொத்து ஆவணங்களுக்கும் பவர் ஆஃப் அட்டர்னிக்கும் பெருவிரல் ரேகை கட்டாயம். வாங்கத் தவறினால் 2,500 டாலர் வரை அபராதம் விதிக்கலாம். இந்த எட்டு வரிகளையும் ரேகைகளையும் முதலிலேயே முடித்துவிட்டுப் பிறகு கட்டைத் திறப்பது என் பழக்கம். கடைசியில் வைத்துக்கொண்டால், களைத்துப்போன கடன்தாரர் எழுந்து நிற்கும்போது நீங்கள் மை டப்பாவை நீட்டிக்கொண்டிருப்பீர்கள்.

பெயர்ப் பொருத்தம்தான் நம்மவர்கள் வீடுகளில் மிகுதியாக நேரத்தை விழுங்குவது. இனிஷியல், அப்பா பெயர், கணவர் பெயர், கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டமே காலி எனப் பல வடிவங்கள் உண்டு. கடவுச்சீட்டில் ஒரே பெயர் இருந்தவருக்கு அமெரிக்க விசாவில் முதற்பெயர் தெரியாது என்பதைக் குறிக்கும் எஃப்.என்.யு. என்ற மூன்றெழுத்து ஏறி, அதுவே ஓட்டுநர் உரிமத்திலும் அவருடைய முதற்பெயராக அமர்ந்துவிட்டதைப் பார்ப்பீர்கள். வீட்டுப் பத்திரத்திலோ அவர் "செந்தில்குமார் ஆறுமுகம்" என்று இருப்பார். தொழிலில் பழகிவந்த விதி ஒன்றுண்டு: ஆவணத்தில் உள்ள பெயர் அடையாள அட்டையில் உள்ளதைவிடக் குறைவாக இருக்கலாம், கூடுதலாக இருக்கக் கூடாது. உரிமத்தில் "முத்துலட்சுமி சுப்பிரமணியன்" என்று முழுமையாக இருந்து, ஆவணத்தில் "முத்துலட்சுமி எஸ்" என்றிருந்தால் சமாளிக்கலாம். ஆவணத்தில் முழுப் பெயர், உரிமத்தில் வெறும் எழுத்து என்றால் அந்தக் கூடுதல் பகுதிக்கு உங்களிடம் ஆதாரம் இல்லை.

இங்கே புதியவர்கள் ஒரு தவறான முடிவுக்கு வருவது வழக்கம். கட்டுக்குள்ளேயே "நானும் இன்ன பெயருடையவரும் ஒருவரே" என்று கடன்தாரர் எழுதித் தரும் பெயர் உறுதி ஆவணம் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். அது லெண்டருக்காகக் கடன்தாரர் தரும் வாக்குமூலம். நோட்டரிக்கு அடையாளச் சான்று ஆகாது. ஆகவே முந்தைய நாள் உறுதிசெய்யத் தொலைபேசியில் அழைக்கும்போதே, உரிமத்தில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்பதை எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கள். காலாவதித் தேதியையும் கேளுங்கள். பொருந்தாவிட்டால் டைட்டில் கம்பெனியிடம் அப்போதே சொன்னால் மறுநாளுக்குள் ஆவணத்தைத் திருத்தி அனுப்புவார்கள். இரவு எட்டு மணிக்கு மேசையில் உட்கார்ந்துகொண்டு சொன்னால் தொலைபேசியை எடுக்க அங்கே ஆள் இருக்காது. இன்னொன்று: பல லெண்டர்கள் அச்சான பெயர்ப்படி முழுமையாகக் கையெழுத்திடச் சொல்வார்கள். இரண்டு எழுத்தும் ஒரு நீண்ட கோடுமாகக் கையெழுத்திட்டே பாதி வாழ்நாளைக் கழித்தவருக்கு இது பெரும் தண்டனை; முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள், ஐம்பதாவது பக்கத்தில் சொன்னால் கோபப்படுவார்.

ரீஃபைனான்ஸ் (மறுகடன்) கட்டுகளில் இருக்கும் ரத்து உரிமை அறிவிப்பைத் தனியாக எடுத்துப் படித்துப் பழகுங்கள். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டை ஈடாக வைத்து வேறொரு லெண்டரிடம் மறுகடன் வாங்குபவருக்குக் கையெழுத்திட்டபின் மூன்று வேலைநாட்கள் மனம் மாற உரிமை உண்டு. மூன்றாம் நாள் நள்ளிரவில் அது முடிகிறது. வீடு வாங்கும் கடனுக்கு இது கிடையாது. இந்தக் கணக்கில் சனிக்கிழமை வேலைநாள். ஞாயிறும் கூட்டாட்சி விடுமுறைகளும் இல்லை. 2025 நவம்பர் 25, செவ்வாய்க்கிழமை கையெழுத்தானது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதன் முதல் நாள்; வியாழன் தேங்க்ஸ்கிவிங், எண்ணக் கூடாது; வெள்ளி பலருக்கு விடுப்பு என்றாலும் கூட்டாட்சி விடுமுறை அல்ல, ஆகவே இரண்டாம் நாள்; சனி மூன்றாம் நாள். உரிமை 29-ஆம் தேதி நள்ளிரவில் முடிகிறது. அச்சான தேதி தவறாக இருந்தாலோ, கையெழுத்து ஒரு நாள் தள்ளிப்போனாலோ, லெண்டரின் அறிவுறுத்தலைக் கேட்டே திருத்த வேண்டும். உங்கள் இஷ்டத்துக்குத் திருத்தாதீர்கள்.

அந்தத் தாளில் கண்ணி ஒன்றும் இருக்கிறது. "ரத்துசெய்ய விரும்புகிறேன்" என்ற வாசகத்தின் கீழும் கையெழுத்துக்கு ஒரு கோடு உண்டு; பெற்றுக்கொண்டேன் என்று ஒப்புவதற்கும் ஒரு கோடு உண்டு. பக்கத்துக்குப் பக்கம் கோட்டைக் கண்டதும் கையெழுத்திட்டுவரும் கடன்தாரர் முதல் கோட்டிலேயே போட்டுவிடுவார். கடனை அவரே ரத்துசெய்துவிட்டதாக ஆகிவிடும். சில படிவங்களில் மூன்று நாள் கழிந்தபின் "நான் ரத்துசெய்யவில்லை" என்று உறுதிசெய்ய வேண்டிய கோடும் அதே பக்கத்தில் இருக்கும். அதில் அன்றைக்கே கையெழுத்து வாங்கினால் லெண்டருக்குத் தலைவலி. அந்தத் தாள் வரும்போது பேச்சை நிறுத்தி, விரலை வைத்துக் காட்டி, "இங்கே மட்டும்" என்று சொல்லுங்கள். உரிமையுள்ள ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதிகள் தர வேண்டும். கடனில் பெயர் இல்லாவிட்டாலும் வீட்டில் உரிமை உள்ள மனைவிக்கும் அதே உரிமை உண்டு. கலிபோர்னியா மணவாழ்வில் சேர்ந்த சொத்தை இருவருக்கும் பொதுவாகக் கருதும் மாநிலம் என்பதால், கடனைத் திருப்பித் தருவதாக வாக்களிக்கும் ப்ராமிசரி நோட்டில் கையெழுத்திடாமல் டீட் ஆஃப் டிரஸ்ட்டில் மட்டும் கையெழுத்திடும் துணைவரை அடிக்கடி சந்திப்பீர்கள். எந்தத் தாளில் யார் என்பதை வீட்டிலேயே குறித்துவைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

புதியவர்களை அதிகம் வியர்க்க வைப்பது கடன்தாரரின் கேள்விகள். கடன் அலுவலரை அவர் பார்த்திருக்க மாட்டார், எஸ்க்ரோ அலுவலரைப் பார்த்திருக்க மாட்டார். வாரக்கணக்கில் மின்னஞ்சலோடு மட்டும் மல்லாடிய பிறகு கண்ணில் படும் முதல் மனிதர் நீங்கள். "வட்டி 6.5 என்றார்கள், இங்கே ஏபிஆர் அதைவிட அதிகமாக இருக்கிறதே, ஏமாற்றிவிட்டார்களா?" என்ற கேள்வி ஏறத்தாழ எல்லா வீட்டிலும் வரும். ஏபிஆர் என்பது வட்டியோடு கடனுக்கான சில கட்டணங்களையும் சேர்த்து ஆண்டு விகிதமாகக் காட்டும் எண் என்று பொதுவாகச் சொல்வதில் தவறில்லை. இந்தக் கடனில் அது ஏன் இவ்வளவு, இது நல்ல கடனா, கையெழுத்திடலாமா என்பவற்றில் நீங்கள் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் உரிமமின்றி வழக்கறிஞர் தொழில் செய்ததாக ஆகலாம். நடைமுறையில் உதவும் கோடு இது: எண் எங்கே இருக்கிறது என்று காட்டலாம், ஏன் என்று விளக்குவது உங்கள் வேலை அல்ல.

அப்படிக் காட்டுவதற்காவது, கடனின் இறுதிக் கணக்கைக் காட்டும் க்ளோசிங் டிஸ்க்ளோஷரின் ஐந்து பக்கங்களும் மனப்பாடமாக இருக்க வேண்டும். கடன் தொகை, வட்டி, மாதத் தவணை, முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா என்பவை முதல் பக்கம். கட்டணப் பட்டியல் இரண்டாம் பக்கம். கையிலிருந்து கட்ட வேண்டிய தொகையின் கணக்கு மூன்றாம் பக்கம். ஏபிஆரும் யாரைத் தொலைபேசியில் அழைக்கலாம் என்ற விவரமும் ஐந்தாம் பக்கம். 2015 அக்டோபரில் வந்த விதிப்படி, இந்த ஆவணம் கடன் முடிவாவதற்கு மூன்று வேலைநாட்களுக்கு முன்பே கடன்தாரர் கையில் கிடைத்திருக்க வேண்டும். ஆகவே எண்கள் மாறியிருக்கின்றன என்று அவர் சொன்னால், முன்பு வந்த பிரதியை எடுத்துவரச் சொல்லுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவரே கடன் அலுவலரை அழைக்கட்டும். பதில் கிடைக்கும் வரை காத்திருங்கள். கிடைக்காமல் அவர் கையெழுத்திட மறுத்தால், வற்புறுத்தாமல் கட்டை மூடிவிட்டு அமர்த்தியவருக்குத் தகவல் சொல்லுங்கள். கையெழுத்தாகாத கடனால் உங்கள் பெயர் கெடாது. வற்புறுத்தியதாக ஒரு புகார் வந்தால் கெடும்.

தமிழ் தெரிந்திருப்பது இந்த வேலையில் உண்மையான பலம். கலிபோர்னியாவில் நோட்டரியும் கையெழுத்திடுபவரும் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் நேரடியாகப் பேசிக்கொள்ள முடிய வேண்டும். ஊரிலிருந்து வந்து பிள்ளையோடு சேர்ந்து வீட்டுப் பத்திரத்தில் பெயர் வைத்திருக்கும் அம்மாவுக்கு ஆங்கிலம் மட்டும் தெரிந்த நோட்டரியால் உதவ முடியாது, உங்களால் முடியும். ஆனால் "அம்மா, இதில் ஒன்றும் இல்லை, தைரியமாகப் போடுங்க" என்று பாசத்தோடு சொல்லிவிடும் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. விளம்பரத்துக்கும் விதி உண்டு. ஆங்கிலம் அல்லாத மொழியில் எழுத்தால் விளம்பரம் செய்யும் நோட்டரி, தான் வழக்கறிஞர் அல்லர், சட்ட ஆலோசனை தர முடியாது என்ற வாசகத்தையும் சட்டம் அனுமதிக்கும் கட்டணங்களையும் ஆங்கிலத்திலும் அந்த மொழியிலும் சேர்த்தே போட வேண்டும். தமிழ்ச் சங்க மலரில் அரைப்பக்கம் கொடுக்கும்போதும் தமிழில் துண்டறிக்கை அடிக்கும்போதும் இதை மறக்காதீர்கள்.

நம் வட்டத்திலிருந்து வரும் இன்னொரு சங்கடம்: "மனைவி சென்னையில் இருக்கிறாள், வீடியோ அழைப்பில் காட்டுகிறேன், நீங்கள் முத்திரை மட்டும் வையுங்கள்." தெரிந்தவர், கூட்டாளி, விருந்தோம்பல் செய்தவர் யாராக இருந்தாலும் முடியாது என்று சொல்ல வேண்டிய இடம் இது. தெரிந்தே பொய்யாகச் சான்றளித்தால் 10,000 டாலர் வரை அபராதம் உண்டு. மோசடி நோக்கம் இருந்தால் குற்ற வழக்கும் வரும். வெர்ஜினியா 2012-இலேயே இணையவழி நோட்டரிக்கு வழிசெய்தது என்பது உண்மைதான். கலிபோர்னியாவும் 2023-இல் சட்டம் இயற்றியது, ஆனால் அதற்கான கணினி அமைப்பு தயாராகும் வரை இங்குள்ள நோட்டரிகள் அப்படிச் செய்ய முடியாது. முறையான வழிகள் இருக்கின்றன: சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேரம் வாங்கி, முத்திரை ஒன்றுக்கு 50 டாலர் கட்டி அங்கேயே கையெழுத்திடலாம், லெண்டர் ஏற்கும் வாசகத்தில் பவர் ஆஃப் அட்டர்னி கொடுக்கலாம், இணையவழி அனுமதியுள்ள வேறு மாநில நோட்டரியை நாடலாம். எது செல்லும் என்பதை டைட்டில் கம்பெனிதான் முடிவுசெய்யும், வாரங்களுக்கு முன்பே கேட்கச் சொல்லுங்கள்.

அச்சிடுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு தட்டு லேசர் பிரின்டர், லெட்டர், லீகல் இரு அளவுத் தாள்களும், வேகமான ஸ்கேனரும் வாங்குங்கள். ஒரு கட்டு நூறு முதல் இருநூறு பக்கம், அதில் இரண்டு பிரதி. கையெழுத்து ஆறு மணிக்கு என்றால் ஆவணம் நாலரைக்கு வந்து சேரும். லீகல் பக்கங்களைச் சுருக்கி லெட்டரில் அடிக்காதீர்கள்.

வருமானம்தான் பயிற்சி விற்பவர்கள் மிகைப்படுத்தும் பகுதி. 2021 ஜனவரியில் 30 ஆண்டுக் கடனின் சராசரி வட்டி 2.65 சதவீதமாக இருந்தபோது நாடே ரீஃபைனான்ஸ் செய்தது, புதிய ஏஜென்டுகளும் அப்போது குவிந்தார்கள். 2023 அக்டோபரில் வட்டி 7.79 சதவீதத்தைத் தொட்டபோது அந்த வேலை வற்றிவிட்டது. ஆட்கள் மிஞ்சினார்கள், கட்டணம் இறங்கியது. ஏஜென்டுகளுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் இடைத்தரகு நிறுவனம் 75 டாலருக்கு ஒரு வேலையை நீட்டும்போது கணக்குப் போடுங்கள்: போக 30 மைல், வர 30 மைல். 2025-க்கு அமெரிக்க வரித் துறையான ஐ.ஆர்.எஸ். நிர்ணயித்த மைலுக்கு 70 சென்ட் என்ற கணக்கில் வண்டிக்கே 42 டாலர். மீதி 33 டாலரில் தாளும் மையும் மூன்று மணி நேரமும் அடங்க வேண்டும். தூரமான வேலையை மறுக்கக் கற்றுக்கொள்ளாதவர்கள்தான் விரைவில் தொழிலை விடுகிறார்கள். பணம் வர 30 முதல் 45 நாட்கள் ஆகும். கடன் முடிவாகாமல் போனால் தருவார்களா என்பதை ஒப்புக்கொள்வதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். நேரடியாக எஸ்க்ரோ அலுவலர்களின் நம்பிக்கையைப் பெற்றவர்களுக்கே நல்ல கட்டணம் கிடைக்கிறது. அதற்கு இடைத்தரகு வேலைகளைப் பிழையின்றிச் செய்த சில மாதங்கள் தேவைப்படும்.

சான்றிதழ் வாங்க வேண்டுமா என்றும் கேட்பீர்கள். சைனிங் ஏஜென்ட் என்று கலிபோர்னியா அரசு தரும் தனி உரிமம் எதுவும் கிடையாது. ஆனால் வெளி ஆட்களின் செயலுக்கும் லெண்டரே பொறுப்பு என்று நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு ஆணையம் 2012-இல் அறிவுறுத்திய பிறகு, பின்னணிச் சோதனையும் நேஷனல் நோட்டரி அசோசியேஷன் போன்ற அமைப்பின் சான்றிதழும் இல்லாதவர்களைப் பல நிறுவனங்கள் பட்டியலில் சேர்ப்பதில்லை. அதை வாங்குங்கள். அதற்கு மேல் ஆயிரக்கணக்கில் கேட்கும் வகுப்புகளுக்குப் போக வேண்டியதில்லை. மாதிரிக் கடன் கட்டு ஒன்றை அச்சிட்டு, குடும்பத்தாரையே கடன்தாரராக உட்கார வைத்து முழுமையாக நடத்திப் பாருங்கள்.

வரி விஷயத்தில் ஒரு சலுகை உண்டு, பலர் அதை விட்டுவிடுகிறார்கள். நோட்டரிச் செயலுக்கான கட்டணத்துக்கு வருமான வரி உண்டு, 15.3 சதவீதச் சுயதொழில் வரி கிடையாது. பயணம், அச்சு, கட்டு பார்த்துத் தருவது ஆகியவற்றுக்கான தொகைக்கு இரண்டும் உண்டு. கலிபோர்னியாவில் கையெழுத்து ஒன்றுக்கு 15 டாலர் வரை வாங்கலாம் என்பதால், மேலே சொன்ன எட்டுக் கையெழுத்து வீட்டில் 120 டாலர் வரை நோட்டரிக் கட்டணமாகக் கணக்கில் வரலாம். ஜர்னலின் கட்டண நெடுவரிசையில் நீங்கள் அன்றன்று எழுதியதுதான் அதற்கு ஆதாரம். எந்த அளவுக்குப் பிரித்துக் காட்டலாம் என்பதை உங்கள் வரி ஆலோசகரிடம் முதல் ஆண்டிலேயே கேட்டுவிடுங்கள்.